நுண்குழாயில் நானோதுகள்: நுண்ணலைச் சூடு உண்மையில் எதைத் தருகிறது?

#1 கரைசல்குடுவை

வணக்கம். பாலியால் முறையில் வெள்ளி நானோதுகள் செய்துகொண்டிருக்கிறேன். எத்திலீன் கிளைக்காலில் வெள்ளி நைட்ரேட், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்க பிவிபி, 160 டிகிரி எண்ணெய்க் குளியல். சிக்கல் அளவுப் பரவலில் இருக்கிறது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் 20 நானோமீட்டர் துகளுக்குப் பக்கத்திலேயே 70 நானோமீட்டர் துகள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு குடுவையில் வந்தது அடுத்த குடுவையில் வருவதில்லை.

கரைசலை நுண்பாய்மச் சில்லில் (மயிரிழை போன்ற கால்வாய்கள் கொண்ட சிறு தகடு) ஓடவிட்டு, அதை நுண்ணலையால் சூடாக்கினால் பரவல் குறுகும் என்று படிக்கிறேன். என் திட்டம் இதுதான். பிடிஎம்எஸ் சிலிக்கோனில் 100 மைக்ரோமீட்டர் அகலக் கால்வாய் ஒன்று செய்து, அந்தச் சில்லை வீட்டு மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைப்பது. அடுப்பின் பக்கச் சுவரில் துளையிட்டுக் குழாயை உள்ளே விடுவது. சிரிஞ்சு பம்பால் கரைசலைத் தள்ளுவது. சூடு உடனே ஏறும், எல்லா இடத்திலும் சமமாக ஏறும், போதாததற்கு நுண்ணலையே வினையை முடுக்கிவிடும் என்று எதிர்பார்க்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், இது தேறுமா?

#2 அலைவரிசை

வேதியியலை மற்றவர்கள் பேசட்டும். முதலில் துளையைப் பேசுவோம்: போடாதீர்கள்.

உலோகச் சுவரில் இருக்கும் சிறு துளை தானாகவே ஆபத்தானது அல்ல. 6 மி.மீ. விட்டமுள்ள வட்டத் துளை வழியாக 29 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலை பரவ முடியாது. அடுப்பு ஓடுவது 2.45 கிகாஹெர்ட்ஸில். துளைக்குப் பதிலாக அதே விட்டத்தில் ஒரு சிறு உலோகக் குழாயைப் பற்றவைத்தால், அதன் விட்டத்துக்குச் சமமான ஒவ்வொரு நீளத்துக்கும் அலை சுமார் 32 டெசிபெல் தேய்ந்துபோகும். ஆய்வகக் கருவிகளில் குழாய் நுழையும் இடத்தில் உலோகக் கழுத்து நீட்டிக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

ஆனால் அதே துளை வழியாக ஓர் உலோகக் கம்பியை, அதாவது ஓர் ஊசியையோ தெர்மோகப்பிளையோ (வெப்பநிலை அளக்கும் உலோகக் கம்பி) நுழைத்துவிட்டால் கணக்கு தலைகீழாகும். நடுவில் கம்பி, சுற்றிலும் உலோகம் என்பது ஓரச்சு வடம். அதற்குக் கீழ் எல்லை அதிர்வெண் கிடையாது. அடுப்புக்குள் இருக்கும் ஆற்றல் அந்தக் கம்பி வழியே நேராக உங்கள் மேசைக்கு வரும். சிரிஞ்சின் எஃகு ஊசியை அடுப்பை ஒட்டியே செருகிவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, அதனால் சொல்கிறேன். கசிவுக்குப் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்பு, அடுப்பிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட். கசிவுமானி இல்லாமல் இதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது.

இன்னொன்று, மூடியைக் கழற்றினால் உள்ளே உயர் மின்னழுத்த மின்தேக்கி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னூட்டம் நிற்கும். ஆள் சாகும் அளவு.

#3 சிறுதுளி

அலைவரிசை சொன்னதை இரண்டு முறை படித்துவிட்டு இதற்கு வாருங்கள், கரைசல்குடுவை.

பரவல் ஏன் அகலமாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1950-இல் லாமெரும் டைனகரும் கந்தகக் கூழ்மங்களை வைத்துச் சொன்ன படம் இன்றும் நிற்கிறது. கரைசலில் அணுக்களின் செறிவு ஏறிக்கொண்டே போகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் ஒரே வெடிப்பாகக் கருக்கள் தோன்றுகின்றன. செறிவு உடனே அந்த எல்லைக்குக் கீழே இறங்குகிறது. அதற்குப் பிறகு புதுக் கரு பிறப்பதில்லை, பிறந்தவை மட்டும் வளர்கின்றன. கரு பிறக்கும் நேரம் வளரும் நேரத்தைவிட மிகக் குறுகியதாக இருந்தால் எல்லாத் துகள்களும் ஒரே வயது, ஏறத்தாழ ஒரே அளவு. உங்கள் குடுவையில் சுவரோரம் முதலில் சூடாகிறது. அங்கே கரு பிறக்கத் தொடங்கும்போது நடுப்பகுதி இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. நடுப்பகுதி சூடாகிக் கரு பிறக்கும் நேரத்தில் முதலில் பிறந்தவை கொழுத்துவிடுகின்றன. நீங்கள் பார்த்த 20-உம் 70-உம் வெவ்வேறு வயதுத் துகள்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஓடும் கரைசலில் காலம் என்பது தூரமாக மாறுகிறது. குழாயின் இந்த இடத்தில் கலப்பு, இந்த இடத்தில் சூடு, இந்த இடத்தில் குளிர்விப்பு என்று பிரித்துவிடலாம். எல்லோரும் சூட்டையே பேசுகிறார்கள். குளிர்விப்பும் அதே அளவு முக்கியம். சூட்டில் நெடுநேரம் கிடந்தால் சிறிய துகள்கள் கரைந்து பெரியவற்றுக்குத் தீனியாகும். சூடு முடிந்த இடத்திலிருந்து ஓரிரு சென்டிமீட்டருக்குள் குழாயைப் பனிக்கட்டி நீருக்குள் இறக்கிவிடுங்கள்.

கலப்பிலும் கவனம் வேண்டும். நுண்கால்வாயில் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சுழலுமா சுழலாதா என்று காட்டும் எண்) மிகச் சிறியது. ஓட்டம் சுழிப்பின்றி வரிச்சீராகவே போகும். இரண்டு கரைசல்களை ஒரு ‘ஒய்’ வடிவச் சந்தியில் சேர்த்தால் அவை பக்கத்தில் பக்கத்தில் ஓடுமே தவிரக் கலக்காது. மூலக்கூறுகள் தாமாகவே பரவும் விரவல் மட்டும்தான் கலக்க வேண்டும். நீரில் சிறு மூலக்கூறு 100 மைக்ரோமீட்டரை விரவிக் கடக்க ஏறத்தாழ 5 விநாடி பிடிக்கும், 10 மைக்ரோமீட்டருக்கு 0.05 விநாடி. கிளைக்கால் நீரைவிடப் பாகுத்தன்மை மிக்கது, அங்கே இன்னும் தாமதமாகும். பாலியால் முறையில் கரைப்பானே வெள்ளி அயனியை உலோக வெள்ளியாக்கும் ஒடுக்கியாகவும் இருப்பதால், குளிர்நிலையில் முன்கூட்டியே கலந்துவைத்து ஒரே குழாயில் அனுப்பலாம். இந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை. அதிர்ஷ்டசாலி.

#4 விறகடுப்பு

லாமெர் படம் சரி. ஓடும் கரைசல் சரி. ஆனால் நுண்ணலை எதற்கு என்று யாரும் கேட்கவில்லையே!

நுண்ணலைக்குச் சொல்லப்படும் முதல் பெருமை, சுவரிலிருந்து சூடு கடந்து வரக் காத்திருக்காமல் திரவத்தின் உள்ளேயே சூடு பிறக்கிறது என்பது. ஒரு லிட்டர் குடுவையில் இது பெரிய விஷயம். 100 மைக்ரோமீட்டர் கால்வாயில்? நீரின் வெப்ப விரவல் எண் விநாடிக்கு 0.14 சதுர மி.மீ. சுவரிலிருந்து நடுவுக்கு 50 மைக்ரோமீட்டர். வர்க்கப்படுத்தி வகுத்துப் பாருங்கள்: சுமார் 18 மில்லிவிநாடி. அதாவது சூடான இரும்புக் கட்டையின் மேல் சில்லை வைத்தாலே கண்ணிமைப்பதற்குள் நடுப்பகுதியும் சூடாகிவிடுகிறது. 1 மி.மீ. உள்விட்டக் குழாயில் அதே கணக்கு 1.8 விநாடி, 5 மி.மீ. குழாயில் 45 விநாடி. விட்டம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு.

எனவே குழாய் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவுக்கு நுண்ணலையின் வேலை குறைகிறது. நுண்பாய்மமும் நுண்ணலையும் ஒன்றுக்கொன்று துணை என்று தலைப்பில் எழுதுகிறார்கள். சூடேறும் வேகத்தைப் பொறுத்தவரை அவை ஒரே வேலைக்குப் போட்டி போடும் இரண்டு ஆட்கள்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். உள்ளே வர 18 மில்லிவிநாடி என்றால் வெளியே போகவும் அதே நேரம்தான். நுண்கால்வாய்க்குள் நீங்கள் பிறப்பிக்கும் சூடு உடனே சில்லுக்குள் ஓடிவிடும். சிலிக்கன் சில்லாக இருந்தால் திரவம் சூடாகவே மறுக்கும். சிலிக்கனின் வெப்பக் கடத்தல் நீரைப்போல 200 மடங்குக்கு மேல். பிடிஎம்எஸ் நல்ல காப்பான், ஆனால் அதனாலேயே சில்லு முழுவதும் மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டே போகும். காலையில் செய்த துகளும் மாலையில் செய்த துகளும் வேறுபடும்.

#5 சிறுதுளி

விறகடுப்பு, கணக்கில் குறையில்லை. ஆனால் சூடேறும் வேகத்தை மட்டும் வைத்து வழக்கை முடித்துவிட்டீர்கள். நுண்ணலையின் உண்மையான பயன் சுவரில் இருக்கிறது.

வெள்ளியைச் சூடான சுவருள்ள குழாயில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். முதலில் குழாயின் உட்புறம் இளமஞ்சளாகிறது. பிறகு பழுப்பு. பிறகு ஒரு நாள் விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கிறது: சுவரே வெள்ளி பூசிக்கொண்டுவிட்டது. திரவத்திலேயே அதிகச் சூடான இடம் சுவரை ஒட்டிய இடம். அங்கே ஓட்டமும் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. கரு பிறக்க ஒரு திடப் பரப்பும் தயாராக இருக்கிறது. மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் படியாமல் என்ன செய்யும்? படிந்த வெள்ளி மேலும் வெள்ளியை இழுக்கும், அவ்வப்போது செதிலாக உரிந்து கரைசலில் விழும். நுண்ணோக்கியில் வரும் அந்தப் பெரிய, ஒழுங்கற்ற துண்டுகளில் பல இப்படி வந்தவை.

நுண்ணலையில் டெஃப்லான் குழாய் அலையை ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை. திரவம் சூடு, சுவர் அதைவிடக் குளிர்ச்சி. இன்னொரு நன்மையும் உண்டு. வட்டக் குழாயின் வரிச்சீர் ஓட்டத்தில் நடுக்கோட்டின் வேகம் சராசரியைப்போல இரு மடங்கு. சுவரோரம் வேகம் பூச்சியம். சுவரைச் சூடாக்கினால், மெதுவாகப் போகும் ஓரத் திரவத்துக்கு அதிகச் சூடும் அதிக நேரமும், வேகமாக ஓடும் நடுத் திரவத்துக்குக் குறைந்த சூடும் குறைந்த நேரமும் கிடைக்கின்றன. பிழையின் மேல் பிழை. உள்ளிருந்து சூடாக்கினால் வேகமாகப் போவது கூடுதல் சூட்டில் போகிறது, மெதுவாகப் போவது சற்றுக் குளிர்ந்து போகிறது. முழுவதும் ஈடாகாது, ஆனால் இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன.

உங்கள் 18 மில்லிவிநாடிக் கணக்கின்படி 100 மைக்ரோமீட்டரில் இந்தக் குளிர்ந்த சுவர் நிற்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். 1 மி.மீ. அளவில் நிற்கும். ஆகவே என் பதில்: சில்லை விடுங்கள், மெல்லிய டெஃப்லான் குழாய்க்கு மாறுங்கள். பார்க்க அழகாக இருக்காது, வேலை செய்யும்.

#6 மின்னல்கீற்று

சுவர், விட்டம் எல்லாம் இருக்கட்டும். நுண்ணலைக்கே உரிய விளைவு ஒன்று இருக்கிறதே, அதை ஏன் யாரும் தொடவில்லை? மணிக்கணக்கில் ஆகும் வினை நுண்ணலையில் நிமிடங்களில் முடிகிறது. மின்புலம் இருமுனை மூலக்கூறுகளைச் சுழற்றுகிறது, பிணைப்புகளைத் தளர்த்துகிறது. 1986-இல் வெளிவந்த முதல் கரிம வேதியியல் கட்டுரைகளிலிருந்தே இது தெரிந்த செய்தி.

#7 விறகடுப்பு

1986-இல் தெரிந்தது வேகம். காரணம் அப்போது தெரியவில்லை, பிறகு தெரிந்தது. மூடிய கலத்தில் கரைப்பான் தன் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறியது, அவ்வளவுதான். 100 டிகிரியில் ஒரு நாள் ஆகும் வினை 200 டிகிரியில் சில நிமிடங்களில் முடிந்தால் அதற்கு அர்ரீனியஸ் சமன்பாடு (வெப்பநிலை ஏற வினைவேகம் எப்படி ஏறும் என்று சொல்வது) போதும், மின்புலம் வேண்டாம்.

பிணைப்பைத் தளர்த்துவது பற்றி: 2.45 கிகாஹெர்ட்ஸ் ஃபோட்டானின் ஆற்றல் 0.00001 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையில் மூலக்கூறுகள் மோதிக்கொள்ளும் வெப்ப ஆற்றலே 0.025. இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு. பிணைப்பு ஒன்றை உடைக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் தேவை.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் காப்பேயின் குழு 2009-இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. அதே நுண்ணலைக் கருவி, அதே வெப்பநிலை வரைபடம். கலம் மட்டும் ஒருமுறை கண்ணாடி, ஒருமுறை சிலிக்கன் கார்பைடு. சிலிக்கன் கார்பைடு அலையைத் தானே விழுங்கிச் சூடாகிவிடும்; உள்ளே இருக்கும் கரைசலை அலை ஏறத்தாழ எட்டுவதே இல்லை. சோதித்த வினைகளில் விளைச்சல் இரண்டிலும் ஒன்றுதான். அலை பட்டாலும் படாவிட்டாலும் வினைக்குக் கவலையில்லை, வெப்பநிலைதான் கணக்கு.

#8 மின்னல்கீற்று

கிராட்ஸ் சோதனை கரைசல் ஒருபடித்தாக இருக்கும் வினைகளுக்குப் பொருந்தும். திரவத்தில் திடத்துகள் மிதந்தால், அல்லது இரண்டு கலவாத் திரவங்கள் இருந்தால், ஒன்று மற்றதைவிட அதிகமாக அலையை உறிஞ்சும். அங்கே சராசரி வெப்பநிலையை வைத்து எதையும் சொல்ல முடியாது. இதை நீங்கள் மறுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

#9 விறகடுப்பு

மறுக்கவில்லை. ஆனால் அது தெரிவுச் சூடு, அதுவும் வெப்பம்தான். ஒன்று சொல்லிவைக்கிறேன்: 10 நானோமீட்டர் துகள் ஒன்று தன்னைச் சுற்றியுள்ள திரவத்தைவிடத் தனியாகச் சூடாக நிற்க முடியாது, அந்த அளவில் வெப்பம் நானோவிநாடிகளில் கசிந்துவிடும். மி.மீ. அளவுத் துண்டுகளுக்குத் தெரிவுச் சூடு பேசலாம், நானோதுகளுக்குப் பேசக் கூடாது.

#10 கரைசல்குடுவை

அப்படியானால் 1 மி.மீ. உள்விட்டமுள்ள டெஃப்லான் குழாய், 10 செ.மீ. சூடாகும் நீளம் என்று வைத்துக்கொள்கிறேன். அடுப்பைத் துளைக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன் (அலைவரிசைக்கு நன்றி). துறையில் ஏற்கெனவே குழாய் வழிகள் உள்ள, பழைய பல்முறைமை அடுப்பு (வீட்டு அடுப்பைப்போல அலை பல வடிவங்களில் நின்று, புலம் இடத்துக்கு இடம் மாறும் வகை) ஒன்று கிடக்கிறது. நிமிடத்துக்கு 1 மி.லி. ஓட்டலாமா?

#11 அலைவரிசை

ஆற்றல் கணக்கைப் போட்டுப் பாருங்கள், அதுவே பதில் சொல்லும். நிமிடத்துக்கு 1 மி.லி. கிளைக்காலை 25 டிகிரியிலிருந்து 160-க்கு ஏற்றச் சுமார் 6 வாட் போதும். அடுப்பு தருவது 700, 800 வாட். மிச்சம் எங்கே போகும்? சுவர்களில் சூடாகும், அலையை உண்டாக்கும் மேக்னெட்ரானுக்கே திரும்பி அதன் ஆயுளைக் குடிக்கும். பக்கத்தில் ஒரு குவளை நீரை வைத்து மிச்சத்தை உறிஞ்சவிடுகிறார்கள். அந்த நீர் சூடேற அதன் உறிஞ்சும் திறனும் மாறுகிறது, உங்கள் குழாய்க்குக் கிடைக்கும் பங்கும் மாறுகிறது. 25 டிகிரி நீரில் அலை 2 செ.மீ.க்கும் சற்றுக் குறைவாகவே ஊடுருவும். 95 டிகிரியில் 5 செ.மீ.க்கு மேல். சூடேறிய நீர் அலைக்கு வழிவிடத் தொடங்குகிறது என்று பொருள்.

வீட்டு வகை அடுப்பு என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. குறைந்த திறன் என்று திருகினால் அது திறனைக் குறைப்பதில்லை. முழுத் திறனில் சில விநாடி எரிந்து, சில விநாடி அணைந்து நிற்கும். சமைக்கும் பண்டத்துக்கு இது தெரியாது. உங்கள் திரவம் அந்த 10 செ.மீ.யில் தங்கும் நேரம் 5 விநாடிக்கும் குறைவு. எங்கள் ஆய்வகத்தில் தங்கக் கரைசலை இப்படி ஓட்டியபோது வெளிவந்த குழாயைப் பார்த்தாலே போதுமாக இருந்தது: ஒரு சாண் சிவப்பு, ஒரு சாண் நிறமின்மை, மறுபடி சிவப்பு. ஓரங்களில் ஊதா. சேகரிக்கும் புட்டியில் எல்லாம் கலந்து அழகான ஒயின் நிறமாகிவிடும், நிறமாலையும் 520 நானோமீட்டர் அருகே முகடு காட்டும்; முகட்டின் அகலத்தைப் பார்த்தால்தான் குட்டு உடையும்.

நல்ல வழி ஒற்றைமுறைமைக் குழி, அதாவது அலை ஒரே வடிவத்தில் மட்டும் நிற்கும் உலோகக் கூடு. டிஎம்010 என்ற முறைமையில் ஓர் உருளைக் குழி, 2.45 கிகாஹெர்ட்ஸுக்கு அதன் ஆரம் 47 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவு. மின்புலம் நட்ட நடு அச்சில் உச்சம், அச்சின் நீளம் முழுவதும் ஒரே அளவு. குழாயை அந்த அச்சில் செருகினால் மேலிருந்து கீழ்வரை ஒரே புலம் கிடைக்கும். ஜப்பானின் ஏஐஎஸ்டி ஆய்வு நிறுவனத்தார் வெள்ளித் துகளைத் தொடர் ஓட்டத்தில் செய்தது இந்த வகைக் குழியில்தான். திடநிலை மின்னாக்கி (மேக்னெட்ரானுக்குப் பதில் குறைக்கடத்தியால் நுண்ணலையை உண்டாக்கும் கருவி) ஒன்று இருந்தால் சில வாட்டுகளை அசையாமல் தரும். திரவம் சூடேறும்போது அதன் மின்காப்புப் பண்பு மாறிக் குழியின் ஒத்ததிர்வு நகர்ந்துவிடும். திரும்பி வரும் அலையைக் கண்காணித்து மின்னாக்கியின் அதிர்வெண்ணும் கூடவே நகர வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டினால் முதல் நிமிடத்தில் 160 டிகிரி, பத்தாவது நிமிடத்தில் 110.

#12 தேன்சிட்டு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 160 டிகிரி, 110 டிகிரி என்கிறீர்கள். அதை எப்படி அளக்கிறீர்கள்?

#13 அலைவரிசை

இந்த இழையின் மிக நல்ல கேள்வி.

தெர்மோகப்பிள் உலோகம், புலத்துக்குள் அது அலைவாங்கி. தானே சூடாகும், புலத்தையும் கெடுக்கும். அகச்சிவப்பு மானி குழாயின் வெளிப்புறத்தைத்தான் பார்க்கும், உள்ளே ஓடும் திரவத்தை அல்ல. நுண்ணலையில் உள்ளே சூடு, வெளியே குளிர்ச்சி என்று சிறுதுளி சொன்னாரே, அந்த நன்மையே இங்கே எதிரியாகிறது: மானி எப்போதும் குறைவாகவே காட்டும். கட்டுரைகளில் ‘வியக்கத்தக்க குறைந்த வெப்பநிலையில் வினை முடிந்தது’ என்று வந்தால் முதலில் மானி எங்கே இருந்தது என்று தேடுங்கள். மின்னல்கீற்று சொல்லும் தனி விளைவுகளில் பாதி இந்த இடத்தில் பிறந்தவை என்பது என் கருத்து.

ஒளியிழை உணரி சரியான கருவி; உலோகமே இல்லை. ஆனால் அதன் முனையே 1 மி.மீ. குழாயை அடைத்துவிடக்கூடும். குழியை விட்டு வெளிவந்த உடனே ஒரு ‘டி’ இணைப்பில் உணரியை வைத்து, இடைப்பட்ட இழப்பைக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

#14 சிறுதுளி

நுண்சில்லில் ரோடமின் பி சாயத்தைக் கரைத்து அதன் ஒளிர்வு மங்குவதை வைத்தும் அளக்கிறார்கள். டிகிரிக்குச் சுமார் 2 விழுக்காடு மங்கும். ஆனால் பிடிஎம்எஸ் அந்தச் சாயத்தையே உறிஞ்சிக்கொள்ளும். நீரில் 100 டிகிரிக்குள் இருந்தால் பார்க்கலாம், உங்கள் 160-க்கு உதவாது.

சில்லை விடச் சொன்னேன், முழுவதுமாக அல்ல. 100 மைக்ரோமீட்டர் அளவில் நுண்ணலை தன் இடத்தைப் பிடிக்கும் ஒரே ஆட்டம் துளிகள். நீர்த்துளிகளை ஃபுளோரின் எண்ணெயில் மிதக்கவிட்டால், எண்ணெய் அலையைக் கண்டுகொள்ளாது, நீர் மட்டும் சூடாகும். ஹார்வர்டைச் சேர்ந்த குழு 2009-இல் செய்து காட்டியது: கால்வாயின் இருபுறமும் உலோக மின்முனைகள், 3 கிகாஹெர்ட்ஸ் ஆக்கி, பிகோலிட்டர் துளிகள் சில்லின் வெப்பநிலையைவிட 30 டிகிரி வரை ஏறின; ஏறும் காலம் 15 மில்லிவிநாடி வரை குறுகியது. துளியின் வெப்பநிலையை அளக்க அவர்கள் துளிக்குள் காட்மியம் செலினைடு நானோபடிகங்களைப் போட்டு அவற்றின் ஒளிர்வைப் பார்த்தார்கள். நானோதுகளே வெப்பமானி!

துளியில் வேறு நன்மைகளும் உண்டு. ஒவ்வொரு துளியும் ஒரே வேகத்தில் போகிறது. நடுவில் வேகம், ஓரத்தில் மந்தம் என்ற சிக்கல் போய்விடும். வினைக் கரைசல் சுவரைத் தொடுவதே இல்லை. வெள்ளிப் பூச்சு இல்லை.

#15 அலைவரிசை

துளியிலும் ஒரு சிக்கல் உண்டு. எண்ணெயின் மின்காப்பு மாறிலி சுமார் 2, நீருடையது சுமார் 78. உருண்டையான நீர்த்துளிக்குள் புலம் வெளியே இருப்பதில் 7 விழுக்காடுதான். உறிஞ்சும் திறன் புலத்தின் வர்க்கம், ஆகவே அரை விழுக்காடு. எண்ணெய் ஒளிபுகுவதுபோல் அலைபுகும் என்பது உண்மை, ஆனால் துளி அந்த அலையைப் பெருமளவு வெளியே தள்ளிவிடுகிறது. ஹார்வர்டு குழுவினர் மின்முனைகளைக் கால்வாயை ஒட்டி வைத்ததால்தான் புலம் போதுமான அளவு செறிந்தது. இதே துளிகளைப் பெரிய அடுப்பில் வைத்தால் சூடேறவில்லை என்று திகைப்பீர்கள்.

தப்பிக்க ஒரு வழி: உருண்டைத் துளிக்குப் பதிலாகக் குழாயை நிறைக்கும் நீண்ட பொதிகள், அவற்றின் நீளம் புலத்தின் திசையில். நீண்ட பொதிக்குள் புலம் பெரிதாகக் குறையாது. டிஎம்010 குழியின் அச்சில் புலம் குழாயின் நீளவாட்டில்தான் இருக்கிறது.

#16 சிறுதுளி

அருமை. எண்ணெயைப் பற்றியும் ஒன்று: துளிகளுக்குப் பயன்படும் ஃபுளோரின் எண்ணெயான எஃப்சி-40-இன் கொதிநிலை 165 டிகிரி. 160-இல் அழுத்தமின்றி ஓட்டினால் எப்போது குமிழி வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைத் தயாரித்துவந்த 3எம் நிறுவனம் இந்த வகை ஃபுளோரின் சேர்மங்களின் உற்பத்தியை 2025 இறுதிக்குள் விடுவதாக 2022-இலேயே அறிவித்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் வேறு எண்ணெயைப் பார்ப்பது நல்லது.

#17 மரகதப்புள்ளி

நான் குவாண்டம் புள்ளிகள் (ஒளிரும் குறைக்கடத்தி நானோபடிகங்கள்) செய்கிறேன், ஆக்டடெசீன் என்ற கரைப்பானில், 300 டிகிரியை ஒட்டி. எனக்கும் நுண்ணலைக் குழாய் உதவுமா?

#18 விறகடுப்பு

உதவாது என்பதே நேர்மையான பதில். ஆக்டடெசீன் முனைவற்றது, அலை அதற்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும். டான் டெல்டா என்ற இழப்பு அளவை (எவ்வளவு பெரிதோ அவ்வளவு நன்றாக அலை வெப்பமாக மாறும்) வைத்துப் பார்த்தால் 2.45 கிகாஹெர்ட்ஸில் எத்திலீன் கிளைக்கால் 1.35, எத்தனால் 0.94, நீர் 0.12, டொலுயீன் 0.04, ஹெக்சேன் 0.02. உங்கள் கரைப்பான் இந்த வரிசையின் கடைசியில் நிற்கும் வகை. அயனித் திரவத்தைக் கலந்தோ சிலிக்கன் கார்பைடுத் துண்டைப் பக்கத்தில் வைத்தோ சூடாக்கலாம். ஆனால் சிலிக்கன் கார்பைடு வைத்துவிட்டால் அது சுவர்ச் சூடுதானே? அதற்கு மின்சார உலை போதும். 1993-இல் மரே, நோரிஸ், பவெண்டி சூடான கரைப்பானுக்குள் குளிர்ந்த முன்பொருளைச் சட்டென்று ஊசியால் செலுத்தியே காட்மியம் செலினைடைச் சீராகச் செய்தார்கள். அந்த வழியைக் குழாய்க்கு மாற்றுங்கள். டெஃப்லானும் 300 டிகிரிக்கு ஆகாது, எஃகோ கண்ணாடியோ வேண்டும்.

கரைசல்குடுவைக்கும் ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 1 மி.லி. என்றால் ஒரு நாள் முழுக்க ஓட்டினால் 1.44 லிட்டர். கரைசல் 1 மில்லிமோலார் என்றால் கையில் வரும் வெள்ளி 0.16 கிராம். ஒரு லிட்டர் குடுவை ஒரு மணி நேரத்தில் 0.1 கிராம் தந்துவிடும். உங்களுக்கு வேண்டியது அளவா, ஒழுங்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

#19 கரைசல்குடுவை

ஒழுங்குதான். ஒளியியல் சோதனைக்கு மில்லிகிராம் போதும், ஆனால் இந்த வாரத் துகளும் அடுத்த வாரத் துகளும் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கத்துத் துறையில் டிஎம்010 குழி செய்யத் தெரிந்த ஒருவரிடம் பேசியிருக்கிறேன். 1 மி.மீ. டெஃப்லான், கிளைக்கால், 160 டிகிரி, உடனே பனி நீர்.

இரண்டு ஐயங்கள். கிளைக்காலின் கொதிநிலை 197 டிகிரி. 160-க்கு அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு தேவையா? சுவர் குளிர்ச்சி என்றாலும் சிறிதளவு வெள்ளி படியத்தானே செய்யும், படிந்த வெள்ளி நுண்ணலையில் பொறி பறக்கச் செய்யுமா?

#20 அலைவரிசை

வால்வு போடுங்கள். கொதிப்பைவிடக் கரைந்த காற்றுதான் தொல்லை. சூடேறியதும் குமிழியாகப் பிரியும், ஒரு குமிழி விரிந்தால் முன்னால் இருக்கும் திரவம் முழுவதையும் தள்ளிவிடும், தங்கும் நேரம் போச்சு. பம்பில் ஏற்றும் முன் வெற்றிடத்தில் காற்றை நீக்குங்கள், 2, 3 பார் அழுத்தம் வையுங்கள்.

கரைசலில் மிதக்கும் துகள் பொறி தராது. தொடர்ச்சியான படலம் வேறு விஷயம். நானோமீட்டர் கணக்கில் தடிமனுள்ள உலோகப் படலத்தில் மின்னோட்டம் ஓடிப் படலம் கடுமையாகச் சூடாகும். டெஃப்லான் உருகும், துளைவிழும். அச்சில் குழாய் இருப்பதால் புலம் படலத்தின் நீளவாட்டிலேயே இருக்கும், அதுவே மோசமான நிலை. திரும்பி வரும் அலை காரணமில்லாமல் நகரத் தொடங்கினால் படலம் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரியும் வரை காத்திருக்க வேண்டாம்.

#21 தேன்சிட்டு

படலத்தை எதால் கழுவுவது? ராஜதிராவகமா?

#22 சிறுதுளி

தங்கத்துக்கு அது. வெள்ளிக்கு வேண்டாம், வெள்ளி குளோரைடு வெண்மையாகப் படிந்து குழாயை இன்னும் அடைக்கும். நீர்த்த நைட்ரிக் அமிலம் போதும், டெஃப்லானுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அமிலம் விடும் முன் குழாயில் கிளைக்கால் ஒரு சொட்டும் மிஞ்சாதபடி நீரால் அலசிவிடுங்கள். இரண்டும் சந்தித்தால் சூடும் வாயுவும் கிளம்பும், வால்வு மூடியிருக்கும் குழாய்க்குள் அது நடக்கக் கூடாது. கழுவும்போது அழுத்த வால்வைக் கழற்றிவைப்பது என் வழக்கம்.